ரஷ்யா மாமாவும் நேற்றுப் பிறந்த பழைய பாட்டும்

மருமகனுக்கு வரக்கூடாத ஆசை ஒன்று உண்டு. மாமனாரிடம் நல்ல பெயர் வாங்குவது. எனக்கு அது வந்தது.

என் மாமனார் முதலியார்பேட்டைக்காரர். மில்லில் வேலை பார்த்த காலத்தில், கல்யாணமான மறுவருடமே, யூனியன் சார்பில் சோவியத் ரஷ்யாவுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர். மில்லே மூடிவிட்டது, அந்த ஒரு மாதம் மட்டும் இன்னும் முடியவில்லை. தோசையில் கை வைத்தால்கூட ரஷ்ய ரொட்டியில் போய் நிற்பார். சேதராப்பட்டு கம்பெனியில் கணக்கு எழுதும் என்னிடம் அவருக்குப் பேச வேறு விஷயமும் இல்லை.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்காக, பாட்டு தயாரிக்கும் ஏ.ஐ. ஆப் ஒன்றைச் செல்போனில் பிடித்தேன். 'எண்பதுகளின் ரஷ்ய டிஸ்கோ, சோகமான பெண் குரல், கொஞ்சம் கேசட் இரைச்சல்' என்று கேட்டேன். முதலில் மாதா கோவில் பாட்டு மாதிரி ஒன்று வந்தது. அடுத்தது பட்டாள அணிவகுப்பு. கடைசியில் ஒருத்தி உருகி உருகிப் பாடினாள். (என்ன பாடினாள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே ரஷ்ய வார்த்தை வோட்கா. அது பாட்டில் வரவில்லை.)

கேக் வெட்டும் முன், அவர் காலத்துப் பாட்டைத் தேடிப் பிடித்ததாக ஒரு சின்னப் பொய் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். மாமா கண்ணை மூடினார். உதடுகூட அசைந்தது.

"இந்தப் பாட்டுக்கு நான் ஆடியிருக்கேன் மாப்ள."

முந்தின நாள் சாயங்காலம் பிறந்த பாட்டு அது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அத்தையோ கத்தியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"யாரோட?"

மாமா பேந்தப் பேந்த விழித்தார். நான் பதறிப்போய் உண்மையைக் கக்கினேன்.

"மொதல்ல தேடிப் புடிச்சேன்னீங்க, இப்ப மிஷினு பாடுச்சுன்றீங்க" என்றார் அத்தை. "ரெண்டு பேரும் எப்ப பேசி வெச்சீங்க?"

நிரூபிக்கிறேன் பேர்வழி என்று, முதலில் கேட்ட அதே வரியை எல்லோர் முன்னாலும் மறுபடி ஆப்பில் போட்டேன். இந்த முறை வேறொரு குரல், இன்னும் இளசாக, சிரித்துக்கொண்டே பாடியது.

"இவ யாரு?" என்றார் அத்தை.

கேக்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் தின்றன. அத்தை மாமாவோடு பேசுவதை நிறுத்தினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நான் இருவருக்கும் நடுவே தூது ஓடினேன். கடைசியில் அத்தையே ஒரு பரீட்சை வைத்தார். தன் பெயர் வருகிற மாதிரி வீராம்பட்டினம் தேரைப் பற்றி ஒரு பாட்டு பாடச் சொன்னார். ஆப் பாடியது. அதன் பிறகுதான் மாமாவுக்குக் குழம்பில் மீன் விழுந்தது.

இப்போது எங்கள் வீட்டில் யார் கதை அளந்தாலும் ஒரே கேள்விதான். கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்றால் என் மனைவி, "ஆடியிருக்கியா?" என்பாள். வீடே சிரிக்கும்.

நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக. சமாதானமான மறுநாள் மாமா என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், "பாட்டுதான் வேற மாப்ள. ஆடுனது நெசம்" என்று காதில் போட்டுவிட்டார்.

எல்லோரும் சிரிக்கும்போது அத்தை மாமாவைப் பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்க்கிறார்.