பரண் வீடு விற்பனைக்கு

ஆம்பூர்,
12-10-2006

அன்பு மைத்துனர் ரிச்சர்ட் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அக்கா ஜெயபுஷ்பமும் சுகம். சத்துவாச்சாரியில் நீங்களும் பிள்ளைகளும் அவ்வாறே சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

அக்காவுக்கு முழங்கால் வலி, இரும்புப் படியில் ஏறி ஒருநாள் விழுந்து வைப்பாள், வீட்டை விற்றுவிட்டு எங்கள் பக்கம் தரைவீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நீங்களே அக்கறையோடு பேப்பரில் விளம்பரம் கொடுத்தீர்கள் அல்லவா, அதன் பலனை எழுதுகிறேன். பழைய ஷூ கம்பெனியை ஃபிளாட்டாக மாற்றிய கட்டடம், உயரமான கூரை, பாதி உயரத்தில் படுக்க ஒரு பலகைத் தளம் என்று விவரமாகப் போடாமல் ‘லாஃப்ட் வீடு’ என்று மட்டும் போட்டுவிட்டீர்கள். முதலில் வந்தவர் விரிஞ்சிபுரத்துக் கல்யாணச் சமையல்காரர் ரத்தினசாமி. அண்ணாந்து பார்த்துவிட்டு, “லாஃப்ட்டு பெருசாத்தான் கீது சார், என் அண்டா குண்டா எல்லாம் அடங்கிடும். ஆனா பரண் மேல ஏன் கட்டில் போட்டு வச்சிருக்கீங்க?” என்றார். அதுதான் எங்கள் படுக்கையறை என்றேன். அதற்கப்புறம் அவர் ஜெயபுஷ்பத்தை இரக்கத்தோடு பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து குடியாத்தத்திலிருந்து லுங்கி நெசவு ராஜவேலுவும் அவர் சம்சாரம் பூரணியும். ராஜவேலு டேப் பிடித்து அளந்து, “ஹால்ல நாலு பவர்லூம் நிக்கும், மேல நூல் மூட்டை போட்டுக்கலாம்” என்று பூரித்துப்போனார். கம்பெனியை வீடாக்கினார்கள், அதை மறுபடி கம்பெனியாக்கினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? அவர்களுக்கும் காபி.

மூன்றாவதாக வந்த வேலூர் அப்துல் ஹமீத் பாயும் அவர் மனைவி அன்வரி பேகமும் நிஜமாகவே வாங்க வந்தவர்கள். கீழே நான் பேசி முடிக்கிற நேரம், மேலே உங்கள் அக்கா தன் தங்கை கெசியாவோடு போனில் ரகசியம் பேசுகிறாள். தடுப்புச் சுவரே இல்லாத இடத்தில் இன்னா ரகசியம்? ஒவ்வொரு வார்த்தையும் ஹாலில் வந்து விழுகிறது. “வந்தவங்க தங்கமானவங்களாத் தெரியுது கெசியா. எனக்குத்தான் மனசு வரல. இந்த ஜன்னலாண்ட படுத்தா ரயில் போறது தெரியும். தம்பிகிட்ட சொல்லவும் பயமாக்கீது, ஆசையா கூப்புடுது பாவம்.” பாய் தரையைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அன்வரி பேகம் செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று படியேறிப் போய், உங்கள் அக்கா ரிட்டயரான நர்ஸ் என்று முன்பே கேட்டிருந்ததால், “சிஸ்டர், பேஜார் ஆவாதீங்க. மனசில்லாம குடுக்கற வீட்ல எங்களுக்குத் தூக்கம் வருமா? நீங்களே இருங்க” என்று சொல்லிவிட்டார். பிறகு இரண்டு பேரும் விளக்கு வைக்கும்வரை மேலே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே எங்கள் இருவருக்கும் காபிகூட இல்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று. போன வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டு பிரியாணியும் வந்தது.

ஆகவே விற்பனை ரத்து. படிக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் மிச்ச காலம் இந்தக் கம்பெனியில்தான். விளம்பரத்தைத் தயவுசெய்து நிறுத்திவிடவும். பிள்ளைகளைத் தேவன் கண்மணிபோல் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
வில்சன்

பி.கு.: கவரை ஒட்டும்போது அன்வரி பேகத்திடமிருந்து போன். சத்துவாச்சாரியில் உங்கள் தெருவிலேயே அவர்களுக்குத் தரைவீடு அமைந்துவிட்டதாம், பக்கத்து வீடும் காலியாம். ஜெயபுஷ்பம் சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாள். விளம்பரம் தொடரட்டும். இத்தனை வருஷமாகத் தம்பி கூப்பிட்டு வராதவள் இப்போது வருகிறாளே என்று நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாதாம், உங்களுக்காகத்தான் வருகிறாளாம். அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.