தம்பிக்கு நான் கொடுத்த டியூசன்

கூச்சமுள்ளவன் எந்த அலுவலகத்துக்கும் தனியாகப் போகக் கூடாது. போனால் ஒன்றில் வாயைத் திறக்கமாட்டான், அல்லது திறந்து காரியத்தைக் கெடுப்பான். நான் ஒரே நாளில் இரண்டையும் செய்தவன்.

மண்டூரில் வயல் வேலை செய்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. (அதையும் முழுதாகப் படித்தேன் என்று சத்தியம் செய்யமாட்டேன்.) என் தம்பி யோகனுக்கு முப்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்தே அவனுக்கு எதையும் கற்றுக்கொள்ள மற்றவர்களைவிட அதிக நாளெடுக்கும். அப்பாவும் அம்மாவும் போனபிறகு என்னோடும் என் மனைவி கமலாவோடும் இருக்கிறான். அவனைத் தனியே விட முடியாது. விட்டால் துறைக்குப் போய்ப் பாதையில் ஏறிவிடுவான். (ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர்.) யாராவது பிடித்து இறக்கும்வரை அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்வந்துகொண்டிருப்பான். நீச்சல் தெரியாது. அதனால் கமலா வேலைக்குப் போனால் நான் காவல், நான் போனால் கமலா காவல். இப்படியே பதினொரு வருடம். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் அக்கரையில் உள்ள ஒரு பகல் நிலையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். யோகனைப் போன்றவர்களை அக்கரைத் துறையிலிருந்து வேனில் கூட்டிப்போய், பகல் முழுக்க வேலை பழக்கி, பின்னேரம் கொண்டுவந்து விடுவார்களாம். வேனில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஆளைப் பார்த்துத்தான் எடுப்பார்களாம்.

ஆளைப் பார்த்து எடுப்பது என்றால் எனக்குத் தெரிந்தவரை பரீட்சைதான். சின்ன வயதில் யோகனைச் சேர்க்கப் போன இடத்தில் "இவனுக்கு ஒண்டும் தெரியாதே" என்று திருப்பி அனுப்பியபோது பக்கத்தில் நின்றவன் நான். இந்தமுறை விடுவதில்லை என்று டியூசன் தொடங்கினேன்.

ஒரு மாதம் நடந்தது. பெயர், ஊர், இருபது வரை எண்ணுவது, சட்டைப் பொத்தான் பூட்டுவது, பிளேன்ரி என்கிற பால் விடாத தேத்தண்ணி போடுவது, கிழமை ஏழும் சொல்வது. செவ்வாய்க்குப் பிறகு அவனுக்கு எப்போதும் வெள்ளிதான் வரும். வயலில் முறிந்து வந்து, கண்ணைத் திறக்க முடியாத களைப்பிலும் புதனுக்காகப் போராடினேன்.

"அவனப் போட்டு என்னத்துக்கு இந்தப் பாடு படுத்துறீங்க?" என்றாள் கமலா. "நானும் வாறன். நீங்க அங்க போய் வாயத் துறக்கமாட்டீங்க."

"கதைக்கிறது அவன்தானே. நான் சும்மா இரிக்கிறதுதானே. நீ வேலைக்குப் போ."

நிலையத்தில் எங்களை விசாரித்தவர் ஒரு மிஸ். யோகன் அன்று வெளுத்து வாங்கினான். கேட்குமுன்பே கிழமை ஏழையும் சொன்னான். அளவாகச் சீனி போட்டு மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி கொடுத்தான். கோபம் வருமா, எங்கேயாவது போய்விடுவாரா என்று என்னிடம் கேட்டதற்கெல்லாம் "இல்ல மிஸ்" என்று மட்டும் சொன்னேன்.

மிஸ் பேனையை மூடினார். "நல்ல சந்தோசம் ஐயா. இவர் தன்ட வேலயத் தானே பாக்கிறாரு. இதவிட ஏலாத ஆக்கள் லிஸ்டில இரிக்காங்க. அவங்களுக்குத்தான் இந்த இடத்தக் குடுக்கணும்."

முதலாம் பிள்ளையாக வந்தவனை வெளியே தள்ளும் பரீட்சையை அன்றுதான் கண்டேன். கமலாவின் முகம் கண்முன் வந்தது. இன்னும் ஒரு பதினொரு வருடமும் வந்தது.

"மிஸ், அவனுக்கு ஒண்டும் தெரியா மிஸ்!" என்றேன்.

யோகன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத என் படிப்புப் போதாது.

"தெரியும்!" என்றான். ஞாயிறிலிருந்து சனி வரை, புதனையும் சேர்த்து, கூரை அதிரச் சொன்னான்.

"அது பாடமாக்கினது மிஸ். தேத்தண்ணியும் போடத் தெரியா." (அவன் போட்ட தேத்தண்ணியைத்தான் மிஸ் குடித்துக்கொண்டிருந்தார்.)

யோகன் எழுந்து போய் இன்னொரு தேத்தண்ணி போட்டு வந்து என் முன்னால் வைத்தான். "குடிங்க அண்ணன்."

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"ஐயா, உண்மையச் சொல்லுங்க," என்றார் மிஸ். "இவரத் தனிய விட்டிட்டுப் போவீங்களா?"

நான் மீதித் தேத்தண்ணியையும் குடித்தேன். யோகன்தான் பதில் சொன்னான். "விட்டா நான் பாதையில போவன் மிஸ். ஏழு தரம் போவன். பாதைக்காரர் போன் பண்ணுவாரு. அண்ணன் ஓடி வருவாரு. ஒருக்கா இடுப்புச் சாரம் அவுந்திட்டு."

சிரிக்காமல் இருக்க மிஸ் பெரும்பாடு பட்டார். "நீங்க நீந்துவீங்களா யோகன்?"

"இல்ல. அண்ணனுக்கும் தெரியா."

மிஸ் பேனையைத் திறந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "இத ஏன் ஐயா ஒளிச்சீங்க?"

"பெயிலாகிருவான் எண்டு பயந்துட்டன் மிஸ்."

"இது சோதினை இல்ல ஐயா. எதில கை குடுக்கணும் எண்டு பாக்கத்தான் இதெல்லாம் கேக்கிறது."

திரும்பும்போது யோகன் என்னோடு கதைக்கவில்லை. பாதையில் என் பக்கத்தில் நிற்காமல், மறுகோடியில் யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கரை சேரும்வரை நினைத்தேன். வாய் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கமலா வாசித்தாள். யோகனுக்கு வாரத்துக்கு மூன்று நாள் இடம். கூடவே, வீட்டில் பராமரிக்கும் அண்ணனுக்கும் பழக்கம் தேவைப்படுவதால் மாதம் ஒரு சனிக்கிழமை அவரும் வகுப்புக்கு வரவேண்டும் என்று இருந்தது. கமலா கடிதத்தை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம்.

"அண்ணன் ஏன் வாறாரு?" என்று கேட்டான் யோகன்.

"நீ பாஸ் தம்பி. இவர் பெயில்."

அதைக் கேட்ட பிறகுதான் யோகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மூன்று வாரக் கோபம் அதோடு தீர்ந்தது.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், நாங்கள் உட்காரச் சொல்லுமுன்பே அவன் செய்தியைச் சொல்லிவிடுவான். "நான் பாஸ். அண்ணன் பெயில். மாசத்துக்கு ஒருக்காச் சோதினையத் திருப்பி எழுதுறாரு."

இரண்டு வருடமாக எழுதுகிறேன். முடிவு இன்னும் வரவில்லை.