ஆரோ அண்ணன் பார்க்கப் போன அழகு வீடு

ஆரோ அண்ணன் கண்ணில் பட்டு, பழுதில்லை என்று பெயர் வாங்கிய பொருள் இந்தப் பூமியில் இதுவரை கிடையாது. பௌர்ணமி நிலாவைப் பார்த்தே, "வலது பக்கம் கொஞ்சம் ஷேப் அவுட்டு அம்மிணி" என்று என்னிடம் வருத்தப்பட்ட மனுஷர் அவர்.

எங்கள் பனியன் கம்பெனியில் அவர் பைனல் செக்கிங் இன்சார்ஜ். துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எது தெரிந்தாலும் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அதற்கு ஆரோ என்று பேர். மற்ற செக்கர்கள் பீஸில் ஒட்டுவார்கள். இவர் எதில் வேண்டுமானாலும் ஒட்டுவார். கேண்டீன் தட்டில் நெளிசல் இருந்தால் ஒட்டுவார். சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காலரில் ஒட்டி, "பாயிண்ட் ஏத்த எறக்கமா இருக்குதுங்க மாப்ள, போட்டோவுல விழுந்துரும்" என்றாராம். அந்த ஸ்டிக்கரோடுதான் தாலி கட்டியதாகக் கேள்வி. அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ஆதார் கார்டில் மட்டும்தான் இருக்கிறது.

நான் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்கும் எங்கள் தையல் மிஷின்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். போன வருஷம்தான் முதன்முதலாக ஒரு பையரை, அதாவது எங்களிடம் துணி வாங்குகிற ஒரு வெளிநாட்டுக் கடையை, என் பொறுப்பில் விட்டார்கள். அந்த பையருக்காக ஆர்டர் கொடுக்கிற மேடம், தாராபுரம் பக்கம் அமராவதிக் கரையோரம் ஒரு பழைய வீட்டை வாங்கி, மூன்று வருஷம் பாடுபட்டுப் பழையபடியே சரிசெய்து முடித்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரை தன் மனைவிக்காகக் கட்டிய அலங்கார வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னை அழைத்தார்.

"உங்க செக்கிங் அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. அவர் புண்ணியத்துல போன தடவை ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரல" என்றார். எனக்கு மாப்பிள்ளையின் காலர்தான் ஞாபகம் வந்தது.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். "அம்மிணி, அடுத்த சீசன் ஆர்டர் இன்னும் கைக்கு வரலை. அந்தம்மா மனசு கோணுச்சுன்னா ஆர்டரு வேற கம்பெனிக்குப் போயிரும். அப்பறம் உனக்கும் இங்க வேலை இருக்காது, பாத்துக்க" என்று அமைதியாகச் சொன்னார். அவர் கத்தினால் பயமில்லை. அமைதியாகச் சொன்னால் செய்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை கார் ஏறுமுன்பே அண்ணனிடம் கையை நீட்டினேன். "ஆரோ ரோலைக் கொடுங்கண்ணா."

"லீவு நாள்ல எதுக்கு அம்மிணி அது? கொண்டாரலை" என்றார். சட்டைப் பையில் ஒரு ரோல் இருந்தது. பேண்ட் பையில் இன்னொன்று இருந்தது. இரண்டையும் பிடுங்கி என் ஹேண்ட்பேக்கில் போட்டேன். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை மட்டும் தரவே மாட்டேன் என்றுவிட்டார். அது இல்லாமல் அவருக்கு நடக்கவே வராதாம்.

"அங்க எதைப் பாத்தாலும் என்ன சொல்லுவீங்க?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

வழியில் குண்டடம் ஊரைத் தாண்டும்வரை சொல்ல வைத்தேன். டிரைவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது வீடு. செங்குத்தான ஓட்டுக் கூரை, அதன் ஓரம் பூராவும் லேஸ் வைத்துத் தைத்தாற்போல மரத்தில் பூ வேலை. வாசலில் தூணுக்குப் பதிலாகப் பட்டை உரிக்காத மரங்கள். ஜன்னலில் கலர் கண்ணாடி. தாராபுரம் வெயிலில் யார் குளிர்காய்ந்தார்களோ, கூரை மேல் ஒரு புகைபோக்கி வேறு. அழகுதான். ஆனால் எதுவும் எதற்கும் நேர் இல்லை. ஒரு தூண் சாய்ந்திருந்தது, கூரை இடது பக்கம் இறங்கியிருந்தது, இரண்டு ஜன்னல் இரண்டு அளவு. காட்டுக்குள் தானாக முளைத்த குடிசை மாதிரி தெரிய வேண்டும் என்று துரை வேண்டுமென்றே அப்படிக் கட்டினாராம்.

"அந்தக் கோணலை அப்படியே காப்பாத்தத்தான் மூணு வருஷம் ஆச்சு" என்றார் மேடம் பெருமையாக.

நான் அண்ணனைப் பார்த்தேன். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார், பல்வலிக்காரர் முறுக்கு கடிக்கிற முகத்தோடு. ஹாலுக்குச் சொன்னார், படுக்கையறைக்குச் சொன்னார், பாத்ரூமுக்கும் சொன்னார். கை மட்டும் காலிச் சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் மேடம் கேட்டுவிட்டார். "அண்ணா, ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்றீங்க. நிஜமாச் சொல்லுங்க, வீடு எப்படி இருக்கு?"

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"அம்மிணி, நீ என்ற காலை மிதிச்சுட்டு இருக்கறே" என்று எனக்கு எடுத்துச் சொல்லிவிட்டு மேடத்திடம் திரும்பினார். "கோணல் இருந்தாத் தப்பில்லீங்க. சாம்பிளு கோணல்னா பீஸும் கோணலாத்தான் வரோணும். சாம்பிளு இருக்குதுங்களா?"

எங்கள் தொழிலில் பையர் கையெழுத்துப் போட்ட சாம்பிள்தான் வேதம். அதன்படி இருந்தால் சரி, இல்லாவிட்டால் தப்பு. மேடம் சிரித்துக்கொண்டே உள்ளே போய், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசலும் ஆற்றுப் பக்கமும் சேர்ந்து தெரிகிற மாதிரி துரை காலத்தில் எடுத்த வீட்டின் படம்.

அண்ணன் கை கழுவிவிட்டு, துணியில் நூல் எண்ணுகிற லென்ஸை ஏதோ ஒரு பையிலிருந்து எடுத்தார். அந்தப் பையை நான் சோதிக்காமல் விட்டுவிட்டேன். போட்டோவும் டேப்புமாக வெயிலில் வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். நாங்களும் பின்னால் போனோம். "தூணு ஓகேங்க. கூரை ஓகேங்க." ஒவ்வொரு ஓகேவுக்கும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. பக்கச் சுவரில் ஆற்றைப் பார்த்த கடைசி ஜன்னலிடம் வந்ததும் நின்றார். செல்போன் உறையைக் கழற்றினார். உள்ளே ஒரே ஒரு சிவப்பு அம்பு. உரித்து, ஜன்னலுக்குக் கீழே புதுச் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டினார்.

"இது ஒண்ணுதானுங்க சாம்பிள்படி இல்லை. எல்லாத்தையும் கோணலா வெச்சுட்டு இதைய மட்டும் நேராக்கிட்டீங்க."

மேடம் முகம் மாறியது. அந்த ஜன்னலைத் துரை போன பிறகு யாரோ அடைத்துவிட்டிருந்தார்களாம். திறக்கும்போது பக்கத்து ஜன்னலோடு மட்டம் பார்த்து வைத்தார்களாம். "அதுல என்னங்க இருக்கு?" என்றார்.

அண்ணன் லென்ஸை நீட்டினார். "போட்டோவுல ஜன்னலு எறக்கமா இருக்குது பாருங்க. உள்ள துரையோட சம்சாரம் முகம் தெரியுது. பக்கத்துல சக்கர நாற்காலியோட கைப்புடி. அவங்களுக்கு நடக்க வராதாட்டம் இருக்குதுங்க. உக்காந்துட்டே வெளிய பாக்கோணும்னுதான் எறக்கி வெச்சிருக்காங்க. இப்ப உக்காந்தாச் செவுருதானுங்க தெரியும்."

மேடம் ரொம்ப நேரம் லென்ஸில் பார்த்தார். போட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாயசம் யாரும் தொடவில்லை. கிளம்பும்போது "சரிங்க" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

காரில், "தப்பைப் பாத்துட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது அம்மிணி" என்றார்.

"ஆர்டர் போனா என் வேலையும் போயிருமுங்கண்ணா. உங்களுக்குக் கண்ணு மட்டும்தான் இருக்குது, மனசே இல்லை" என்றேன். அதற்குப் பிறகு திருப்பூர் வரும்வரை அவர் இன்ச் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அடுத்து வந்த நாட்களில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு நாள் மேடத்திடமிருந்து போன் இல்லை, மெயில் இல்லை. சோறு இறங்கவில்லை. யார் போன் அடித்தாலும் மேடமோ என்று பாய்ந்து எடுத்தேன். வியாழக்கிழமை கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

"அந்த ஜன்னலை இடிச்சு இறக்கிட்டிருக்காங்க. அந்த ஓட்டைகிட்ட நாற்காலி போட்டு உக்காந்து பார்த்தேன். ஆறு தெரியுதும்மா. மூணு வருஷமா அந்தப் போட்டோ என் வீட்டுச் சுவத்துலதான் மாட்டியிருக்கு, அந்தம்மாவை நான் பாக்கவேயில்லை. ஆர்டர் அனுப்பிட்டேன்னு உங்க முதலாளிகிட்டச் சொல்லிடுங்க."

ஓடிப்போய்ச் சொன்னேன். முதலாளி மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "அப்ப இதைய உங்க அண்ணன்கிட்டயே திருப்பிக் குடுத்துரு."

ஆரோ அண்ணனின் ராஜினாமாக் கடிதம். திங்கட்கிழமை காலையிலேயே கொடுத்திருக்கிறார். அந்த அம்மிணி தடுத்தும் நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது, அவரை வேலையை விட்டு அனுப்பாமல் என்னை அனுப்பவும் என்று எழுதியிருந்தது.

செக்கிங் டேபிளுக்குப் போனேன். கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். "ஏனுங்கண்ணா எங்கிட்டச் சொல்லல?"

பீஸிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "நீதான் நாலு நாளாப் பேசறதில்லையே அம்மிணி. நான் எப்படிச் சொல்றது?"

போன மாசம் அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய கம்பெனி என்னைக் கூப்பிட்டது. பெரிய பதவி, தனி ரூம், எல்லாம் பேசி முடிந்து எழுந்திருக்கும்போது, "உங்க செக்கிங்ல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குங்களா?" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது. இல்லை என்றார்கள். நான் போகவில்லை. வீட்டில் கேட்டதற்கு பஸ் வசதி சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த மனுஷரை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்று எப்படிச் சொல்வது?