எதிலை வந்தனீர்?

நான் ஒரு காலத்தில் முகாமைப் பணிப்பாளராக இருந்தவன். (சிரிக்க வேண்டாம். நானே அடித்த விசிற்றிங் கார்ட்டில் அப்படித்தான் இருந்தது.) என் கம்பனியில் என்னைத் தவிர ஒரே ஒருவர்தான் வேலை செய்தார். தான் அங்கே வேலை செய்வது அவருக்குத் தெரியாது.

அவர் ராசு அண்ணை. நெடுந்தீவு இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். இன்றைக்குப் படகு ஓடுமா என்று அறிய ஊரில் எல்லோரும் அவருக்குத்தான் போன் எடுப்பார்கள். நானும் விடிய எழும்பி எடுப்பேன். "சோழகக் காத்து கொஞ்சம் கூடத்தான், பாப்பம்" என்பார். அதை நான், படகு ஓடுமா என்று சொல்ல நானே செய்த போன் செயலியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கையால் மாற்றிவிடுவேன். பார்க்கிறவர்களுக்குக் கணினியே கடலைக் கவனித்துச் சொல்வது போல இருக்கும். என் தொழில்நுட்பம் முழுக்க இவ்வளவுதான்.

பட்டம் எடுத்து ஒரு வருடம் வீட்டில் இருந்த பிறகு அப்பா தவணை வைத்தார்.

"ஆவணிக்குள்ளை உன்ர கம்பனி ஒரு வழிக்கு வரவேணும். இல்லாட்டி குருநாகலுக்கு வெளிக்கிடு. மாமான்ர கடையிலை ஆள் தேவையாம்."

மாமாவின் கடையில் ஆணி, பெயின்ட், தண்ணீர்க் குழாய் விற்பார்கள். எங்கள் குடும்பத்து ஆண்களில் பாதிப்பேர் அந்த மேசைக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவர்கள். நான் முகாமைத்துவம் படித்ததே அங்கே போகாமல் தப்புவதற்குத்தான்.

இளம் தொழில்முனைவோருக்கு உதவி உண்டு என்று பத்திரிகையில் அடிக்கடி வரும். நம்பிப் புறப்பட்டேன். ஓரிடத்தில், இது மாணவர்களுக்கு மட்டும், நீர் படித்து முடித்துவிட்டீர் என்றார்கள். இன்னோரிடத்தில், தொழிலைப் பதிந்தால்தான் பயிற்சி என்றார்கள். பதியப் போன இடத்தில், பயிற்சிச் சான்றிதழ் எங்கே என்றார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படகு, இரண்டு பஸ், ஒரு முழு நாள் போனது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டினால் அவர்களுக்கு என்ன கைநோகுமோ தெரியவில்லை.

கடைசியில் ஒரு நிறுவனம் இரங்கி, "கற்றல் வளங்கள்" என்று நாற்பது இணைப்புகளை அனுப்பியது. எல்லாம் ஆங்கிலம், எல்லாம் வீடியோ. எங்கள் வளவில் சிக்னல் எடுப்பது மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் மட்டும். முதலீட்டாளரைக் கவர்வது எப்படி என்பதை நான் சாணத்துக்குள் நின்றுதான் படித்தேன்.

அதே நிறுவனம் போனில் ஒரு வழிகாட்டியையும் தந்தது. கொழும்பில் இருந்த அந்த இளைஞர் நெடுந்தீவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. "முதல் திரையிலேயே வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்" என்றார். நானும் கேட்டேன்: "எங்கே போகிறீர்கள்?"

அம்மா அதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"உனக்கென்ன விசரே? வெளிக்கிட்டு நிக்கிற ஆளிட்டை எங்கை போறாய் எண்டு கேட்டால் போற காரியம் விளங்குமோ? கேக்கத்தான் வேணுமெண்டால் தூரமோ எண்டு கேள்."

"அம்மா, இது செயலி. இதுக்குச் சகுனம் கிடையாது." (பட்டதாரித் திமிர். வேறென்ன?)

ஊரவர்கள் அந்தக் கேள்வியைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பிறகு ராசு அண்ணைக்கு அழைத்தார்கள். என் செயலியை விடாமல் பாவித்தவர்கள் கனடாவில் இருந்த சொந்தக்காரர்கள் மட்டும். அவர்களுக்குப் படகு ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன?

ஆவணியில் அந்த நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. தெரிவானால் ஆறு மாதப் பயிற்சியும், யாழ்ப்பாணத்தில் இருந்து வேலை செய்ய ஓர் இடமும் கிடைக்கும். அதாவது, குருநாகல் இல்லை.

முதல்நாள் காற்று பலமாக இருந்து படகு ஓடவில்லை. நேர்முக நாளன்று கடல் அடங்கிவிட்டது. அப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படகேறினேன். வழி முழுக்க ஆங்கிலப் பேச்சைப் பாடமாக்கினேன்.

நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கரம்பொன்னில் பிறந்த, அவரும் தீவுக்காரரான, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அம்மா ஒருவர். என் ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் போனில் செயலியைத் திறந்தார். திறந்தவர் முகம் சுளித்தார்.

"தம்பி, தீவாக்கள் ஆரும் இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லுவினமோ?"

"போகப் போகப் பழகிடுவினம், மிஸ்."

அவர் அடுத்த திரைக்குப் போனார்.

"இண்டைக்குப் படகு ஓடாது எண்டு சிவப்பிலை கிடக்கு. நீர் எங்கை இருந்து வந்தனீர்?"

"நெடுந்தீவிலை இருந்து, மிஸ்."

"எதிலை வந்தனீர்?"

அப்போதுதான் உறைத்தது. நேற்றுப் போட்ட சிவப்பு. இன்று விடிய அதை மாற்ற வேண்டிய ஒரே ஆள், அந்தப் படகிலேயே ஆங்கிலம் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மற்ற இரு நடுவர்களும் குனிந்து சிரிப்பை அடக்கினார்கள்.

"சரி, ஆரைக் கேட்டு இதைப் போடுறனீர்?"

"தேத்தண்ணிக் கடை ராசு அண்ணையை."

"நம்பரைத் தாரும்."

ஸ்பீக்கரில் போட்டார். இரண்டாவது மணியிலேயே ராசு அண்ணை எடுத்தார்.

"ஓம் ஓம், ஓடினது. பின்னேரமும் ஓடும். காலமை எங்கட பெடியன் ஒருத்தனும் அதிலைதான் போனவன். ஆருக்கோ ஏதோ காட்டவேணுமாம். நீங்கள் அந்தப் பக்கம் நிக்கிற ஆளெண்டால் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ, அவனுக்கு ஏதும் பாத்துச் செய்யச்சொல்லி. நல்ல பெடியன். தேப்பன் குருநாகலுக்கு அனுப்பப் போறாராம். அவனுக்குத் துண்டாய் விருப்பமில்லை."

அதன்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா மெதுவாக, "நீர் போயிட்டு வாரும் தம்பி" என்றார். ராசு அண்ணையின் இலக்கத்தைத் தன் போனில் பதிந்துகொண்டதையும் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. தெரிவாகவில்லை, மனம் தளர வேண்டாம் என்று எழுதி, கீழே கற்றல் வளங்களாக நாற்பது இணைப்புகள். எண்ணிப் பார்த்தேன், அதே நாற்பது.

இப்போது குருநாகலில்தான் இருக்கிறேன். முன்பக்கத்தில் முடி நரைக்கத் தொடங்கிவிட்டது. தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனால், படலையைத் திறக்கும்போதே அப்பா கதிரையில் இருந்தபடி, "எதிலை வந்தனீர்?" என்று கேட்பார். அவர் வேறு எப்போதும் என்னை நீர் என்று கூப்பிட்டதில்லை. குசினிக்குள் இருந்து அம்மாவின் சிரிப்பு வரும். அக்காவின் சின்ன மகளுக்குக்கூட அது பாடம்.

ராசு அண்ணை வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கியிருக்கிறார். ஊர் முழுக்க அதில் இருக்கிறது. ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். தினமும் விடியக் குரலில் ஒரு சேதி மட்டும் போடுவார். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். கடைக் கதவைத் திறந்து, ஆணிப் பெட்டிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு அதைப் போட்டுக் கேட்பேன்.

"இண்டைக்கு ஓடும். வாற ஆக்கள் நேரத்தோடை வாங்கோ."