வல்லாரைச் செல்லுக்கு நான் போட்ட மாலை

படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஈடு இணையே கிடையாது. அதில் எனக்கு எம்.எஸ்ஸி. பட்டமே இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. வேலூரிலிருந்து வந்து பெங்களூர் பக்கத்துப் பொம்மசந்திராவில் ஒரு திசு வளர்ப்பு ஆய்வகத்தில் சேர்ந்திருந்தேன். என் சீனியர் ஸ்டெல்லா அக்கா, கண்ணாடிக் குடுவைகளில் வல்லாரைச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார். செடி கிடையாது, வேர் கிடையாது, வெறும் செல். அதிலிருந்தே மருந்துச் சத்தை எடுத்துவிடலாம். இரண்டு வருட உழைப்பு. அடுத்த வாரம் மருந்துக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால்தான் திட்டமும் பிழைக்கும், அக்காவின் வேலையும் பிழைக்கும்.

ஆயுத பூஜைக்கு அக்கா லீவு. சாவி என்னிடம். ("குளிச்சிட்டு, கோட் போட்டு, வாயைக் கட்டிக்கிட்டு அப்புறம் கதவைத் தொடு பரணி!")

கீழே ஜெனரேட்டருக்குச் சந்தனம், ஜெராக்ஸ் மெஷினுக்குக் குங்குமம், வேனுக்குப் பூசணிக்காய். எங்கள் அறைக்கு மட்டும் ஒன்றுமில்லை! எனக்குக் கொதித்தது. மானேஜரிடம் ஓடினேன்.

"நம்ம குடுவைதான் சார் இங்க நிஜமான ஆயுதம். அதுக்குப் பூஜை கிடையாதா?"

"சென்னாகிதே ரீ! ரொம்ப நல்ல ஐடியா. போட்டோ எடுத்து வர்றவங்களுக்குக் காட்டலாம்!"

குளித்தேன், கோட் போட்டேன், வாயைக் கட்டினேன். சாமந்தி மாலையை மட்டும் குளிப்பாட்டவில்லை. அலமாரிக்கு ஒரு முழம். மானேஜர் செருப்போடு உள்ளே வந்து, ஒரு குடுவையைத் தூக்கிப் பிடித்து, கேமராவுக்குப் பல்லைக் காட்டினார்.

சாமந்திக்குள் பொடிப் பூச்சிகள் குடியிருக்கும், பஞ்சு மூடி வழியாகக் குடுவைக்குள் நுழையும், போகிற வழியெல்லாம் பூஞ்சையை விதைக்கும். இதைப் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான்! (அந்த மார்க்கைக் கொளுத்த.)

அக்கா திரும்பி வந்தபோது குடுவைக்குக் குடுவை கருப்பும் பச்சையுமாகக் கோலம்.

"யாருடா மாலை போட்டது?"

"நான்தான்க்கா... சாமிக்கு..."

"எந்தச் சாமிடா கேட்டுச்சு? நான் செத்தாகூட மாலையை வாசல் கேட்டுக்கு வெளியவே வெச்சிட்டுப் போயிடு!"

அதையாவது தாங்கலாம். மீட்டிங்கில் மானேஜர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அக்காவைக் கேட்டார்: "நேத்து வந்தவன்கிட்ட ஏம்மா சாவி குடுத்தே?" அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அதற்குள், பூஞ்சை பிடித்ததைக் கொன்று கொட்டுவதற்காகக் குடுவைகளையெல்லாம் நீராவியில் வேகவைத்துவிட்டார்கள். அக்கா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு வந்தார். நான் மாலையைத் தூக்கிய நேரம் பார்த்து, முன்வரிசையிலிருந்து மணப்பெண்ணைப் பார்த்துக் கத்தினார்:

"தள்ளி நில்லும்மா! இவன் மாலை போட்டா பூஞ்சை புடிக்கும்!"

மண்டபமே அதிர்ந்தது. என் மாமியார் வீட்டில் இன்றைக்கும் நான் 'பூஞ்சை மாப்பிள்ளை'தான். கல்யாண வீடியோவை வருடத்துக்கு ஒரு முறையாவது போட்டு, அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சிரிப்பார்கள். நான் எழுந்து போய்விடுவேன். மண்டபமே சிரிக்கும் அந்த வீடியோவில் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.