மிச்சம் டாக்டர்

நோயாளி பிழைத்தாரா என்பதைவிட, நோய்க்குப் பெயர் சரியாக விழுந்ததா என்று கவலைப்பட்ட டாக்டர் தென்காசியில் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. மிச்சம் டாக்டர் என்றால் ரிக்‌ஷாக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

"காய்ச்சலுக்கு மலேரியா சரி. முட்டி வீங்குதே, அது யார் கணக்குல? ஒண்ணு மிச்சம் நின்னாலும் நான் சொன்ன நோய் தப்பு" என்பார். ஐந்தருவியில் ஒருவரின் முதுகில் படர்தாமரையைக் கண்டு, ஈரத்தோடு ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் விசாரித்திருக்கிறார். அந்த ஆள் நடுங்கிக்கொண்டே, "அண்ணாச்சி, நான் குளிக்கத்தான வந்தேன்" என்றாராம்.

எண்பதுகளின் கடைசியில் நான் மேலகரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினேன். ஒருநாள் டாக்டர் வந்து, "என் மூளையை இதுக்குள்ள ஏத்தணும்வே" என்றார். இரண்டு வருடம் மாலைதோறும் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒரு நோயாளியின் அறிகுறிகளைக் கொடுத்தால், அத்தனைக்கும் பதில் சொல்லக்கூடிய நோய் எதுவோ அதை மிஷின் முதலில் காட்டும். அதுதான் புரோகிராம். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. பிள்ளையைச் சேர்க்க வந்த அப்பாக்கள் எல்லாம் அவரிடம் நாக்கை நீட்டிவிட்டுத்தான் போனார்கள்.

ஒரு மாலை, "வயசான ஆம்பளை, அடியும்" என்றார். கண் மஞ்சள். உடம்பெல்லாம் அரிப்பு. வேட்டி இடுப்பில் நிற்காத மெலிவு. வலி கிடையாது. அடித்துக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அவர் கண்தான் மஞ்சளாக இருந்தது.

திரையில் முதல் வரியாகக் கணையப் புற்றுநோய் வந்தது. எழுந்து அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளும்வே."

"வெறும் காமாலையாத்தான் இருக்கும் டாக்டர். கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா போயிரும்."

"காமாலைன்னா இவ்வளவு மெலிவு மிச்சம் நிக்குது. பித்தப்பைக் கல்லுன்னா வலிச்சிருக்கணும். இது ஒண்ணுதான் எல்லாத்துக்கும் பதில் சொல்லுது."

குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்திலும் கொஞ்சம் பெருமை இருந்தது.

"புரோகிராம்ல தப்பு இருக்கும். சரி பண்ணிருதேன்."

"நீர் அடிச்சதுல இருக்கலாம். நான் சொன்னதுல இருக்காது."

திருநெல்வேலியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். மிஷின் சொன்னதுதான். ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டார்கள். பார்க்கப் போனவர்களிடமெல்லாம், "கத்தி வைக்காமலே கம்ப்யூட்டர் சொல்லிட்டு, பாத்தீரா" என்று படுத்தபடியே பீற்றிக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம் டாக்டர் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் வெகுநாள் அந்தப் புரோகிராமை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், நான் அடித்ததில் எங்காவது ஒரு தப்பு கிடைக்காதா என்று.