இரண்டு செட்டுக்கு நடுவே ஒரு தொண்டை

உலகத்திலேயே இரண்டு கொம்பனிகளின் சண்டையைத் தன் தொண்டையால் சமாளித்த ஒரே மனிதர் எங்கள் 'இரண்டுகாது' நானாதான். குடாவுக்கு அக்கரை, கிண்ணியாக்காரர்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். ஓர்ஸ் ஹில் சரிவில், நான் வேலை செய்யும் கந்தோருக்குக் கீழே, படகுகளின் வயர்லெஸ் செட் திருத்தும் கடை வைத்திருக்கிறார்.

பழைய செட் இருந்தவரை கடலில் எல்லாரும் எல்லாருடனும் கதைத்தார்கள். பிறகு டிஜிட்டல் செட் வந்தது. இரண்டு கொம்பனி, இரண்டு முறை. ஒன்றில் பேசுவது மற்றதில் கேட்காது. கிண்ணியாப் படகுகள் ஒரு கொம்பனியிடம் வாங்கின, எங்கள் பக்கத்துப் படகுகள் மற்றதிடம். பக்கத்துப் பக்கத்தில் வலை போட்டுக்கொண்டு கையைக் காலைக் காட்டிக் கதைத்தார்கள்.

எனக்கு ஊர்வம்பு, விடுப்புக் கேட்காவிட்டால் தேத்தண்ணி இறங்காது. ஏன் இப்படி என்று நானாவிடம் கேட்டேன். குரலைக் காற்றில் அனுப்பும் வித்தை தன்னுடையது என்று இரண்டு கொம்பனியும் காப்புரிமையோடு வழக்காடுகின்றனவாம். அதற்காகக் கடலுக்குப் போகிறவன் வாயை மூடவேண்டுமா என்று கொதித்தவர், இரண்டு செட்டையும் இணைக்க ஒரு பெட்டி செய்தார். இரண்டு கிழமை கடல் கலகலத்தது. பிறகு கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் கொழும்பிலிருந்து கடிதத்தோடு வந்தார். பெட்டி காப்புரிமையை மீறுகிறதாம். மறுநாள் மற்றக் கொம்பனி ஆளும் அதே கதையோடு வந்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் அப்படியொரு ஒற்றுமை.

நானா பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"வயர் போடக் கூடாதெண்டு எழுதியிரிக்கி பிள்ள. என்ட வாயப் பத்தி ஒண்டும் எழுதல்லயே."

அன்றிலிருந்து காதுக்கொரு ஹெட்போன். இந்தக் காதில் கேட்டதை அந்தச் செட்டில் அப்படியே சொல்வார். கோபமென்றால் கோபத்தோடு, தூஷணமென்றால் தூஷணத்தோடு. மனிதர் தன்னோடு தானே சண்டை பிடிக்கிறார் என்று நினைத்து, புதிதாக வந்தவர்கள் வாசலிலேயே திரும்பிப் போனார்கள்.

ஒரு மத்தியானம் காற்று எழும்பியது. என் தம்பியின் படகு மட்டும் கரை திரும்பவில்லை. நான் கடைக்கு ஓடினேன். நானா எப்படியோ அவனைப் பிடித்துவிட்டார். எஞ்சின் நின்று, படகுக்குள் தண்ணீர் ஏறுகிறதாம். கிட்டத்தில் ஒரு கிண்ணியாப் படகு நின்றது. ஆனால் அலைக்குள் அவர்களுக்கு இவனைத் தெரியவில்லை. ஒரு மணித்தியாலம் நானா தம்பியாகவும் கிண்ணியாக்காரராகவும் மாறி மாறிக் கத்தினார். மலை எந்தப் பக்கம், வெளிச்சவீடு தெரியுதா, சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டு என்று கத்திக் கத்தியே குரல் கரகரத்துவிட்டது. கடைசியில் "கயிறு பிடிச்சிட்டன்" என்றார். தம்பியா சொன்னான் என்று கேட்டேன். தலையாட்டினார்.

பிறகு என் பக்கம் திரும்பி, தம்பி அடுத்துச் சொன்னதையும் அப்படியே சொன்னார்.

"அக்கா, நான் சரியாப் பயந்து போனன். அம்மாட்டச் சொல்லிப்போடாத."

சொல் தம்பியுடையது. அழுதது நானா.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு தம்பிகள். ஒருவருக்கு எழுபது வயது.